எப்போது ஒழுகுகிறது?

பெங்களூர் நீலசந்திராவில் குழாய் வேலை பழகியவர்களுக்கு அழுத்தம் என்பது பெரிய கவலையே இல்லை. எங்கள் பகுதிக்குக் காவிரித் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வந்த தண்ணீர் சம்ப்பில் விழும். மோட்டார் அதை மொட்டைமாடி சின்டெக்ஸுக்கு ஏற்றும். அங்கிருந்து தன் எடையிலேயே இறங்கி அடுப்படிக் குழாய்க்கு வரும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். இரண்டு மாடி வீட்டில் அதுகூட முழுதாகக் கிடைக்காது. மரை கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் டெஃப்லான் டேப்பை நாலு சுற்று கூடுதலாகச் சுற்றி முறுக்கினால் நின்றுவிடும். என் அப்பா காலத்தில் ஜி.ஐ. பைப்புக்குச் சணலும் வெள்ளை பெயின்டும்தான். ஆஸ்டின் டவுன் பக்கம் பழைய வீடுகளில் அவர் போட்ட இணைப்புகள் சில இன்னும் சொட்டாமல் இருக்கின்றன.

கேரவன் வண்டிக்குள் கால் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும்.

தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். 1990களின் தொடக்கத்தில் நடிகை பூனம் தில்லான் மும்பையில் அந்த வண்டிகளை வாடகைக்கு விடும் தொழிலைத் தொடங்கினார். அதன் பிறகுதான் அவை இந்தியா முழுக்கப் பரவின. கண்டீரவா ஸ்டுடியோ பக்கம் நின்ற அப்படி ஒரு வண்டியின் கழிவறைக் குழாயைப் பார்க்கத்தான் நானும் முதலில் இந்த வேலைக்குள் வந்தேன். சுற்றுலா வண்டிகள் பிறகு வந்தவை. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2010இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. கேரளம் 2021இல் தனக்கென்று ஒன்று வகுத்தது, அடுத்த ஆண்டே வாகமணில் கேரவன் பூங்காவும் வந்தது. பெங்களூரில் டிராவலர் வண்டியிலும் பஸ் சேஸிஸிலும் படுக்கை, அடுப்படி, குளியலறை எல்லாம் கட்டி, கூர்க்குக்கும் ஹம்பிக்கும் ஊட்டிக்கும் வாடகைக்கு அனுப்புகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். சொந்தமாகவே கட்டி வைத்திருக்கும் ஐ.டி. குடும்பங்களும் உண்டு.

எங்கள் தெருவுக்குள் அந்த வண்டிகள் நுழையாது. இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்னால் போக வேண்டிய தெரு. அதனால் பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் ஓசூர் ரோடு பட்டறைகளுக்கும் வண்டி நிற்கும் காலி மனைகளுக்கும் போவேன்.

வண்டிக்குள் இருக்கும் ஏற்பாடு சிக்கலானதல்ல. தரைக்கு அடியிலோ படுக்கைக்கு அடியிலோ நல்ல தண்ணீர் டேங்க். பக்கத்தில் 12 வோல்ட் பம்ப் ஒன்று, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதிலேயே அழுத்தத்தைப் பார்த்து ஓடவும் நிற்கவும் வைக்கிற சுவிட்ச் உண்டு. குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், பம்ப் ஓடும். மூடினால் அழுத்தம் ஏறி 45 பி.எஸ்.ஐ. பக்கம் வந்ததும் பம்ப் நிற்கும். அதாவது 3 பார். நீலசந்திரா வீட்டுக் குழாயில் இருப்பதைப்போல நாலைந்து மடங்கு. வீட்டில் பத்து வருஷம் தாங்கும் இணைப்பு இங்கே பத்து நிமிஷத்தில் வியர்க்கத் தொடங்கும். அதோடு இந்த வீடு ஓடுகிற வீடு. சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், பள்ளத்தில் விழுந்து எழும், வெயிலில் நிற்கும்.

கட்டடத்தில் கசிவு என்று கூப்பிட்டால் முதலில் எங்கே என்று கேட்போம். குளியலறைச் சுவரா, சீலிங்கா என்று. வண்டியில் அந்தக் கேள்வியால் பயனில்லை. தண்ணீர் ஓரிடத்தில் பிறந்து, தரைக்கடியில் ஓடும் இரும்புச் சட்டத்துக்குள் புகுந்து, ஆறேழு அடி தள்ளி வேறெங்கோ வெளியே வரும். ஈரம் தெரிகிற இடத்துக்கும் கசிகிற இடத்துக்கும் உறவே இருக்காது. அதனால் நான் முதலில் கேட்பது எப்போது என்றுதான். நிற்கும்போதா, ஓடும்போதா? ஏற்றத்திலா, பிரேக் போட்டாலா? டேங்க் நிரம்பியிருக்கும்போதா, பாதியிலா? வெந்நீர் போட்டாலா, குளித்தாலா, மழை பெய்தாலா? இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

இந்தக் கேள்விகளை முதலாளியிடம் கேட்டால் "எப்பவுமே லீக் ஆகுது" என்பார். டிரைவரிடம் கேட்க வேண்டும். அவர்தான் அதிலேயே தூங்கி எழுகிறவர்.

வாடகைக்கு ஓடும் வண்டி ஒன்று. பின்பக்கப் படுக்கைக்கு அடியில் பிளைவுட் ஊறி உப்பிப் போயிருந்தது. ஊட்டியில் மழையில் நின்றபோது தெரிந்ததால் கூரைதான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, எனக்கு முன்னால் வந்தவர்கள் இரண்டு தடவை கூரை முழுக்க சிலிக்கோன் பூசியிருந்தார்கள். மூன்றாவது தடவையும் பூசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். டிரைவர் சேலத்துக்காரர். டீ குடிக்கும்போது விசாரித்தேன்.

"மழை இல்லாத அன்னிக்கும் ஈரமாத்தாங்கண்ணா இருந்துச்சு. மைசூர் வரைக்கும் ஒண்ணும் இருக்காதுங்க. கூடலூர் தாண்டி ஏத்தம் ஏறுனதுக்கு அப்புறந்தான்."

"திரும்பி வரும்போது?"

"அப்ப இல்லீங்ணா. காஞ்சுதான் கெடக்கும்."

"தண்ணி எங்க புடிப்பீங்க?"

"குண்டல்பேட்டையிலயே ஃபுல் பண்ணிருவேன். மேல போனா கெடைக்குமோ கெடைக்காதோன்னு."

இவ்வளவு போதும். ஏறும்போது நிறைந்த டேங்க், இறங்கும்போது காலி டேங்க். மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டேங்க் சமதளத்தில் நிற்கும்போது தண்ணீர் தொடாத ஏதோ ஓர் இடம் ஏற்றத்தில் தண்ணீருக்குள் மூழ்குகிறது. அது டேங்கின் மேல்பக்கம், பின்கோடியில்தான் இருக்க முடியும்.

காற்று போக்கிக் குழாய் செருகியிருந்த இடம் அங்கேதான் இருந்தது. டேங்கில் ஓட்டை போட்டு, ஒரு ரப்பர் வளையம் வைத்து, அதற்குள் குழாயைத் திணித்திருந்தார்கள். காற்று மட்டும்தானே போகும், இது போதும் என்று நினைத்திருப்பார்கள். ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது. ஆனால் ஊகம் ஊகம்தான், நிரூபித்துக் காட்டாமல் கூலி கேட்கக் கூடாது. டேங்கை நிரப்பி, முன் சக்கரங்கள் இரண்டையும் ஓர் அடி உயரத்துக்கு மரக்கட்டை மேல் ஏற்றினோம். நாலு மீட்டர் சக்கர இடைவெளிக்கு ஓர் அடி தூக்கினால் மலைப்பாதையின் ஏற்றம் ஓரளவு வந்துவிடும். டேங்குக்கு அடியிலும் படுக்கைக்கு அடியிலும் பழைய தினத்தந்தியை விரித்துவிட்டுக் காத்திருந்தோம். டேங்குக்கு அடியில் விரித்த தாள் காய்ந்தே இருந்தது. படுக்கைக்கு அடியில் விரித்ததில் ஒரு மூலை கருத்தது, பிறகு பாதித் தாள் கருத்தது. ரப்பர் வளையத்தைத் தாண்டி வந்த தண்ணீர் டேங்கின் பக்கவாட்டில் இறங்கி, தரைச் சட்டத்தின் உள்ளே விழுந்து, சரிவில் பின்பக்கம் ஓடி, சட்டத்தில் மின்கம்பிக்காகப் போட்ட துளை வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, முதலாளிக்கு போனிலேயே படம் எடுத்து அனுப்பினார்.

அந்த ஓட்டையில் மரை போட்ட டேங்க் நிப்பிளை இரண்டு பக்கமும் வாஷர் வைத்து இறுக்கினேன். காற்றுக் குழாயை டேங்கைவிட நல்ல உயரத்துக்கு வளைத்து ஏற்றிப் பிறகு கீழே விட்டேன். எஸ்.பி. ரோடு கடையில் அந்தச் சாமானுக்கு ஆன செலவு, அவர்கள் கூரைக்கு வாங்கிய சிலிக்கோன் டியூப் ஒன்றின் விலைகூட வராது. கூரையில் பூசிய சிலிக்கோனைச் சுரண்டி எடுக்கத்தான் நாளானது. சிலிக்கோன் ஒட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுபிசுப்பு தங்கிவிடும், அதன்மேல் வேறெந்தப் பூச்சும் பிடிக்காது. வண்டிக் கூரைக்குப் பாலியூரித்தேன் வகைப் பசைதான் சரி. அசைந்தாலும் விரிந்தாலும் அது கூடவே இழுபடும். கடைக்காரர் கையில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுப்பார், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நிற்கும்போது கசிவது வேறு வகை. அதற்குப் பம்பே சாட்சி சொல்லும். இரவில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை பம்ப் ஒரு நொடி 'டுர்' என்று ஓடி நின்றால், அழுத்தம் எங்கோ குறைகிறது என்று பொருள். எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை ஓடுகிறதோ அதை வைத்தே ஓட்டையின் அளவைச் சொல்லிவிடலாம். நொடிக்கு ஒரு சொட்டு என்பது கேட்க அற்பமாக இருக்கும். ஒரு நாளைக்கு அது பல லிட்டர் ஆகும். வீட்டில் என்றால் அடியில் பக்கெட் வைத்துவிட்டு அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவிக்கொள்வோம். 150 லிட்டர் டேங்க் இருக்கும் வண்டியில் அது முழுக்க பிளைவுட்டுக்குள் போய்விடும். அதே படுக்கைக்கு அடியில்தான் இன்வெர்ட்டரையும் லித்தியம் பேட்டரியையும் வைத்திருப்பார்கள். இடம் இல்லை என்பார்கள். அதனால் ஈரம் என்று சொன்ன வண்டியில் ஏறியதும் முதலில் மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துவிட்டுத்தான் தரையில் முட்டி போடுவேன்.

பம்ப் அடிக்கடி ஓடுகிறது என்றதும் சுவர்ப் பலகைகளைக் கழற்றத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பொறுமை வேண்டும். பம்பை விட்டு வெளியே வரும் குழாயில் ஒரு பால் வால்வு இருந்தால் அதை மூடிப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. வால்வை மூடிய பிறகும் பம்ப் விட்டுவிட்டு ஓடினால், வண்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் கசியவில்லை. பம்புக்கு உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் வால்வு முழுதாக மூடவில்லை, தண்ணீர் டேங்குக்கே திரும்பிப் போகிறது. பலகையைக் கழற்றினால் கழற்றியதுதான் மிச்சம்.

இந்த வால்வு கெடுவதற்குப் பெங்களூரில் பெரும்பாலும் ஒரே காரணம்தான், உப்பு. காவிரித் தண்ணீர் தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர், அரைக் கிலோமீட்டர் உயரம் ஏறி இந்த ஊருக்கு வருகிறது. 1974இல் முதல் கட்டம் வந்தது, ஐந்தாம் கட்டத்தை 2024 அக்டோபரில் தொடங்கிவைத்தார்கள். அவ்வளவு பாடுபட்டு வருகிற தண்ணீரை வண்டிக்கு யார் தருவார்கள்? 2024 மார்ச்சில், அந்தப் பெரிய தட்டுப்பாட்டின்போது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. டேங்க் நிரப்புவதற்கு அந்தத் தடை இல்லை என்றாலும், அந்த மாதங்களில் தெருவில் ஹோஸ் பைப்பை நீட்டவே வண்டிக்காரர்கள் கூச்சப்பட்டார்கள். ஆக, டேங்கர் லாரியில் வரும் போர்வெல் தண்ணீர்தான். கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிவது பம்ப் வால்விலும் படியும். வினிகர் கலந்த தண்ணீரைப் பம்புக்குள் ஓடவிட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் பாதி வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும். பம்புக்கு முன்னால் ஒரு வலை வடிகட்டி இருந்தால் இதுவும் அடிக்கடி தேவைப்படாது.

அதே ரப்பர் வால்வு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். ரிசார்ட்டுகளில், ஹோம்ஸ்டேக்களில் வெளிக் குழாயிலிருந்து ஹோஸ் மாட்டி நேரடியாக வண்டிக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். அப்போது பம்ப் வேலை செய்யாது. பம்புக்குள் இருக்கும் வால்வு பழுதாக இருந்தால், வெளித் தண்ணீர் அதைத் தாண்டி டேங்குக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். டேங்க் நிரம்பி, வண்டிக்கு அடியில் ஊற்றும். "டேங்க் ஓட்டை, மாத்தணும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஹோஸை மாட்டினால் மட்டுமா, கழற்றினாலும் ஊற்றுகிறதா என்று கேட்டாலே தெரிந்துவிடும். சில ரிசார்ட்டுகளில் பிரஷர் பம்ப் வைத்து அடிப்பதால் வெளித் தண்ணீரின் அழுத்தமே மிக அதிகமாக இருக்கும். ஹோஸின் வாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று மாட்டாமல் அந்தக் குழாயை வண்டியோடு சேர்க்கக் கூடாது.

வெந்நீர் போட்டால் மட்டும் சொட்டுகிறது என்ற புகார் வீட்டு பிளம்பர்களைத் திணறடிக்கும். கீசரில் குறையே இருக்காது. தண்ணீர் சூடானால் விரியும். 6 லிட்டர் கீசர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 90 மில்லி கூடும். வீட்டில் அந்தக் கூடுதல் தண்ணீர் வந்த வழியே மேலே மொட்டைமாடி டேங்குக்குத் திரும்பிப் போய்விடும், யாருக்கும் தெரியாது. வண்டியில் பம்பின் வால்வு வழியை அடைத்து நிற்கிறது. போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி, கீசரின் பாதுகாப்பு வால்வு திறந்து சொட்டும். அது சொட்டியே ஆக வேண்டும். சொட்டாமல் இருக்க அந்த வால்வை அடைத்து எம்-சீல் வைத்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். கீசர் வெடிக்காமல் இருந்தது அந்தக் குடும்பத்தின் நல்ல நேரம். குழாய் வழியில், உள்ளே காற்றுப் பை உள்ள சிறு உருளை ஒன்றை மாட்டிவிட்டால் விரிகிற தண்ணீர் அதற்குள் போய்க்கொள்ளும். பம்ப் அடிக்கடி நின்று ஓடுவதும் அதனால் குறையும்.

குளித்தால் மட்டும் ஈரம் என்றால், நல்ல தண்ணீர்க் குழாயா கழிவு நீர்க் குழாயா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். அதற்கு என் பையில் எப்போதும் துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு பாட்டில் இருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் கலந்து குளியலறைத் தரையில் ஊற்றுவேன். வெளியே வரும் ஈரம் நீலமாக இருந்தால் கழிவுப் பக்கம், நிறமில்லாமல் இருந்தால் அழுத்தப் பக்கம். ஆனால் இதிலும் ஒரு சூது உண்டு. வாளியில் ஊற்றினால் கசியாது, ஆள் நின்று குளித்தால் கசியும். ஆளின் எடையில் ஃபைபர் தரை சற்றுக் கீழே வளையும், கழிவுக் குழாய் வளையாது, நடுவில் இருக்கும் வாஷர் பிரிந்து கொடுக்கும். அதனால் என்னோடு வரும் பையனைப் பேன்ட்டை மடித்துக்கொண்டு உள்ளே நிற்கச் சொல்லிவிட்டு ஊற்றுவேன். நல்ல கனமான பையன், இந்த வேலைக்கு ஏற்றவன். தரைக்கு அடியில் ஒரு தாங்கு பலகை கொடுத்து வளைவை நிறுத்தாமல் வாஷரை மட்டும் மாற்றினால் மறுமாதமே அழைப்பு வரும்.

ஓடினால் மட்டும் கசிவதற்குப் பெரும்பாலும் பொருள்தான் காரணம். வீடு கட்டும் சி.பி.வி.சி. பைப்பை வெட்டி, சால்வென்ட் பூசி, எல்போ எல்போவாக ஒட்டி வண்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். சுவருக்குள் அசையாமல் கிடந்தால் அது அருமையான பைப். வண்டி முறுக்கிக்கொள்ளும்போது நீளமான பைப் இழுபட்டு, எல்போவின் கழுத்தில் மயிரிழை விரிசல் விடும். நிறுத்திப் பார்த்தால் விரிசல் மூடிக்கொண்டு காய்ந்து கிடக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பையன் பம்பரைப் பிடித்து வண்டியை ஆட்ட, நான் டார்ச்சோடு உள்ளே படுத்திருப்பேன். தீர்வு ஒன்றுதான், வளைந்து கொடுக்கும் குழாய். பெக்ஸ் வகையோ நல்ல பின்னல் ஹோஸோ போட்டு, அடிக்கு ஒரு ரப்பர் வைத்த கிளிப், தகட்டில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம். செருகு இணைப்புகள் வசதியானவை, ஆனால் குழாயை ஹேக்ஸா பிளேடில் அறுத்தால் முனை கோணலாகிப் பிசிறு நிற்கும், உள்ளே இருக்கும் ஓ-ரிங் கீறிவிடும். அதற்கென்று இருக்கும் கட்டரில் நேராக வெட்ட வேண்டும். பித்தளை ஆண் மரையை பிளாஸ்டிக் பெண் மரைக்குள் பைப் ரெஞ்ச் போட்டு முறுக்குவது இன்னொரு வியாதி. கையால் இறுக்கி, அதன்மேல் கொஞ்சம், அவ்வளவுதான். சொட்டினால் இன்னும் முறுக்கு என்று ஜி.ஐ. பைப்பில் பழகிய கை சொல்லும். பிளாஸ்டிக்கில் அந்தப் பேச்சைக் கேட்டால் மரை பிளந்துவிடும்.

இந்தத் தொழில் பழுத்த அமெரிக்காவிலும் பொருளால் வந்த வினை உண்டு. 1978 முதல் 1995 வரை அங்கே வீடுகளிலும் கேரவன்களிலும் பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிறக் குழாயைப் போட்டார்கள். விலை மலிவு, வளையும், உறைபனியையும் ஓரளவு தாங்கும். தண்ணீரில் இருந்த குளோரின் அந்தக் குழாயையும் அதன் இணைப்புகளையும் உள்ளிருந்தே அரித்தது. வெளியே பார்க்கப் புதிது மாதிரி இருக்கும், உள்ளே நொறுங்கியிருக்கும். வழக்கு, இழப்பீடு என்று போய், அந்தக் குழாயே சந்தையை விட்டுப் போனது. அங்கே குளிர்காலத்தில் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிப்பதும் வருஷா வருஷம் நடப்பது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நமக்கு வெயில். மூடிய வண்டி மே மாதம் காலி மனையில் நாள் முழுக்க நின்றால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் வருஷத்துக்கு ஒரு வயது கூடுவதற்குப் பதில் மூன்று வயது கூடும்.

மழை ஒழுகல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏ.சி. பெட்டி, கூரைச் சன்னல், சோலார் பலகைத் திருகுகள், இந்த மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் முடிந்தது. ஒன்று மட்டும். ஏ.சி. போட்டால் மட்டும் சொட்டினால் அது மழை ஒழுகலே இல்லை, ஏ.சி.யின் வடிகுழாயில் தூசி அடைத்திருக்கிறது. ஊதினால் போதும். கழிவறையும் அப்படித்தான். மிதித்தால் திறக்கும் வகையில் மூடியின் ரப்பர் காய்ந்தால் நாற்றமும் கசிவும் சேர்ந்தே வரும். வண்டி சும்மா நிற்கும் நாட்களில் பேசினில் ஒரு குவளைத் தண்ணீர் விட்டு வைத்தால் ரப்பர் காயாது.

கட்டுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். பொருளைக்கூட மன்னித்துவிடலாம். இணைப்புகளுக்கு மேல் பலகை அடித்து, ரிவெட் போட்டு, மேலே லேமினேட் ஒட்டி மூடிவிடுகிறார்கள். உள்ளே பைப் எந்த வழியில் போகிறது என்று ஒரு காகிதத்தில்கூட இருக்காது. கட்டிய மேஸ்திரியைக் கேட்டால், "அது ஆவாக மாடித்து குரு, ஈக ஞாபக இல்ல" என்பார் கன்னடத்தில். அது அப்போது செய்தது, இப்போது நினைவில்லை என்று பொருள். ஐந்து ரூபாய் வாஷரை மாற்ற ஐயாயிரம் ரூபாய் அலமாரியை உடைக்க வேண்டியிருக்கிறது. அலமாரி உடைந்ததும் முதலாளி முகம் கறுப்பது என்னைப் பார்த்துத்தான், கட்டியவரைப் பார்த்தல்ல.

வண்டி கட்டக் கொடுக்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பலகை அடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் பட்டறைக்குப் போய் ஒவ்வொரு குழாய் இணைப்பையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் கை நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு கேளுங்கள், அழகு கெடும் என்பார்கள், கெடட்டும். சைக்கிள் பம்பால் குழாய் வழியில் 3 பார் காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, மீட்டரில் முள் ஒரு மணி நேரம் இறங்காமல் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். பம்புக்கு எட்டுகிற இடத்தில் தனி சுவிட்ச் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். தூங்கப் போகுமுன் அதை அணையுங்கள், வண்டியைக் கிளப்புமுன்னும் அணையுங்கள். குழாய் இணைப்பே நடுவழியில் விட்டுப்போனாலும், பம்ப் ஓடாவிட்டால் குழாயில் மீந்த தண்ணீர் மட்டும்தான் கொட்டும்.